குதிரை இல்லாத துப்பாக்கி

நாயகன் வில்லனின் நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைக்கிறான். பின்னணி இசை நின்றுவிடுகிறது. உன்னால் சுட முடியாது என்பது போல ஏதோ சொல்லிவிட்டு வில்லன் சிரிக்கிறான். நாயகன் பதிலே சொல்வதில்லை. 'க்ளிக்' என்று ஓர் ஓசை மட்டும். வில்லனின் சிரிப்பு அப்படியே உறைகிறது. தியேட்டரில் விசில்.

இந்தக் காட்சியை எத்தனை படங்களில் பார்த்திருப்போம் என்று கணக்கே கிடையாது. சில மாதங்களுக்கு முன் இப்படி ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் என் காதருகே குனிந்து, "அவன் கையில இருக்கிறது க்ளாக்டா. அதுல க்ளிக்னு சத்தம் போட ஒண்ணுமே கிடையாது" என்றான். வீடியோ கேம் ஆடி ஆடியே துப்பாக்கிகளைப் பற்றித் தேடிப் படித்தவன். அந்த நேரத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவன் சொன்னது விடவில்லை. இல்லாத ஓர் உறுப்பின் ஓசையை ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து கவனமாகச் சேர்க்கிறார். சேர்த்ததும் நாம் எல்லோரும் பயப்படுகிறோம். எதற்காக?

சினிமாவில் பிழை பிடிப்பவர்கள் இதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு இதைப் பிழை என்று ஒதுக்க மனம் வரவில்லை. கதை சொல்லும் கலை ஒன்றை இழந்துவிட்டு, இழந்ததை ஒத்துக்கொள்ள மறுக்கிறது என்றே தோன்றுகிறது. எதை இழந்தது என்று சொல்வதற்குக் கொஞ்சம் இரும்பு வேலைக்குள் போயாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவின் அடிப்பகுதியில், நடுவில், ப்ரைமர் என்ற சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதை ஓர் ஊசி வேகமாகக் குத்த வேண்டும். குத்தினால் ப்ரைமர் பற்றி, உள்ளே இருக்கும் மருந்தைக் கொளுத்தி, குண்டு வெளியே பாயும். அந்த ஊசியைத் தள்ளுவது யார் என்ற இடத்தில் கைத்துப்பாக்கிகள் இரண்டு குடும்பமாகப் பிரிகின்றன. முதல் குடும்பத்தில் துப்பாக்கியின் பின்பக்கம் அச்சில் சுழலும் ஒரு சுத்தியல் இருக்கும். அதுதான் ஹாமர். அதைப் பின்னுக்கு இழுத்தால் ஒரு கொக்கி பிடித்து நிறுத்திக்கொள்ளும். ட்ரிக்கர் அந்தக் கொக்கியை விடுவித்ததும் சுத்தியல் பாய்ந்து ஊசியின் வாலில் அடிக்கும். இரண்டாவது குடும்பத்தில் சுத்தியல் என்பதே கிடையாது. ஊசியே தன் ஸ்பிரிங்கோடு ஸ்லைடுக்குள் படுத்திருக்கிறது. பின்னுக்கு இழுபட்டு, விடுபட்டதும் நேர்க்கோட்டில் முன்னால் பாய்கிறது. அதன் பெயர் ஸ்ட்ரைக்கர். முதலாவது ஆணி அடிப்பது மாதிரி, இரண்டாவது உண்டிவில்லை இழுத்து விடுவது மாதிரி. குத்து ஒன்றுதான்.

அந்தச் சுத்தியலுக்குத் தமிழில் குதிரை என்று பெயர். இந்தியிலும் கோடா, அதாவது குதிரைதான். ஏன் அந்தப் பெயர் என்று ஆராயப் போகவில்லை. பின்னால் சாய்த்து நிறுத்திய ஹாமரைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கழுத்தை நிமிர்த்திப் பாயக் காத்திருக்கும் மிருகம் போலத்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நம் மாத நாவல்களில் குதிரையை அழுத்தினான் என்று வரும்போது அது ட்ரிக்கரைச் சொல்கிறது. ரஷ்ய மொழியிலும் இதே கதைதான். அங்கே கூரொக் என்றால் ஹாமர். ஆனால் பேச்சுவழக்கில் கூரொக்கை அழுத்து என்றால் ட்ரிக்கரை அழுத்து என்று பொருள், படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆக, ஸ்ட்ரைக்கர் துப்பாக்கிகள் வந்து ஹாமரை விழுங்குவதற்கு முன்பே மொழிகள் அதை ட்ரிக்கருக்குள் கரைக்கத் தொடங்கிவிட்டன.

ரஷ்யா என்றதும் புஷ்கின். அவருடைய 'வீஸ்த்ரெல்' 1831இல் வெளிவந்த சிறுகதை. தமிழில் 'ஒரு வேட்டு' என்று சொல்லலாம். சில்வியோ என்ற ராணுவ அதிகாரிக்கும் பணக்கார இளம் பிரபு ஒருவனுக்கும் துவந்த யுத்தம். சீட்டுக் குலுக்கியதில் பிரபு முதலில் சுடுகிறான். குண்டு சில்வியோவின் தொப்பியைத் துளைத்துப் போகிறது. இப்போது சில்வியோவின் முறை. எதிரே பிரபு தொப்பியிலிருந்து செர்ரிப் பழங்களை எடுத்துத் தின்று கொட்டைகளைத் துப்பிக்கொண்டு நிற்கிறான். உயிரை மதிக்காதவனின் உயிரை எடுத்து என்ன பயன்? தன் வேட்டைக் கடனாக வைத்துக்கொண்டு சில்வியோ போய்விடுகிறான். வருடங்கள் கழித்து, பிரபுவுக்குக் கல்யாணமாகி வாழ்க்கை இனிக்கத் தொடங்கிய பிறகு, கடனை வசூலிக்க வருகிறான். பிரபுவின் முகத்தில் பயத்தைப் பார்த்துவிடுகிறான். அது போதும் அவனுக்கு. வெளியே போகிற போக்கில், பிரபு தவறவிட்ட குண்டு சுவரோவியத்தில் போட்டிருந்த ஓட்டையின் மேலேயே தன் குண்டையும் பதித்துவிட்டுப் போகிறான்.

இந்தக் கதை முழுக்க ஒரே ஓர் இடைவெளிக்குள் நடக்கிறது. குதிரை பின்னுக்கு இழுபட்டதற்கும் அது விழுவதற்கும் நடுவில். புஷ்கின் காலத்துப் பிஸ்டல்களில் அந்த இரண்டும் தனித்தனிக் காரியங்கள். கட்டைவிரலால் இழுக்க வேண்டும், பிறகு சுட்டுவிரலால் விட வேண்டும். முதல் காரியத்தைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமலும் இருக்கலாம். குதிரையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது மாதிரி, யாரை, எங்கே என்றெல்லாம் சொல்லிய பிறகும் அங்கே 'கொன்றான்' என்று முடிப்பதா 'விட்டான்' என்று முடிப்பதா என்பது பாக்கி இருக்கிறது. (அப்படி விடத் தெரிந்த ஒருவனை எழுதிய புஷ்கினே 1837இல் ஒரு துவந்த யுத்தத்தில் பட்ட குண்டினால் இறந்தார்.)

செர்ஜியோ லியோனே தன் வெஸ்டர்ன் படங்களை இந்த இடைவெளியில்தான் கட்டினார். 1873 மாடல் கோல்ட் ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் குதிரையைக் கட்டைவிரலால் இழுத்தாக வேண்டும். மெதுவாக இழுத்தால் நான்கு க்ளிக் கேட்கும். கோல்ட் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, ஓர் எழுத்துக்கு ஒரு க்ளிக் என்று ரசிகர்கள் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் காலத்தையும் அந்தத் துப்பாக்கியையும் சேர்த்துப் பார்த்தால் நம் தியேட்டர் க்ளிக் எந்த ஊரிலிருந்து வந்தது என்று புரியும். நம் நாயகன் கையில் இருப்பது ஆஸ்திரியாவின் நெகிழிச் சட்டகம். அது எழுப்பும் ஓசையோ அமெரிக்க மேற்கின் 19ஆம் நூற்றாண்டு இரும்பு.

இங்கே ஒரு நிமிடம் நின்று என் வாதத்தை நானே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பழைய துப்பாக்கி எல்லாம் குதிரை தெரிவது, புதுசு எல்லாம் தெரியாதது என்று ஒரு கோடு போட்டால் சுகமாக இருக்கும். ஆனால் அது பொய். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஜான் பிரௌனிங் வடிவமைத்த எம்1911 பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. வெளியே எடுப்பாகத் தெரியும் குதிரை. அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அன்றைக்கு பெல்ஜியத்திலிருந்து வந்துகொண்டிருந்த பிரௌனிங் பிஸ்டல் எதிலுமே வெளியே தெரியும் குதிரை கிடையாது. ஒன்றில் ஹாமரை உள்ளே ஒளித்திருந்தார்கள், மற்றவை ஸ்ட்ரைக்கர். ஒரே மனிதரின் மூளையில் உதித்தவை இரண்டும்! மூன்று வருடம் கழித்து சரயேவோவில் காவ்ரிலோ பிரின்சிப் கையில் இருந்த எஃப்.என். 1910, சந்தேகமில்லாமல் ஸ்ட்ரைக்கர். கோட்டுப் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது என்பது இந்த வகையின் பெரிய வசதி. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா இல்லத்தில் காந்தியைச் சுட்ட பெரெட்டா எம்1934இலோ குதிரை வெளியே நன்றாகத் தெரியும். அது தெரிந்ததால் அங்கே யாருக்கும் ஒரு நொடிகூடக் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை.

ஆகவே குதிரை கொலையைத் தடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது கொலையைக் கதையாகச் சொல்ல உதவுகிறது, அவ்வளவுதான். கதையாகச் சொல்ல முடிவது பிறகு எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்பதற்கு வருகிறேன்.

இன்றைய ஸ்ட்ரைக்கர் யுகம் 1982இல் தொடங்குகிறது. திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்துகொண்டிருந்த காஸ்டன் க்ளாக் என்பவரின் பிஸ்டலை ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதில் ஸ்லைடு நகரும்போது ஸ்ட்ரைக்கர் பாதி இழுபட்டு நிற்கும். மீதியை ட்ரிக்கர் இழுத்து முடித்து, அதே இழுப்பில் விட்டும் விடும். இதனால் முதல் குண்டுக்கும் பதினேழாவது குண்டுக்கும் விரல் ஒரே எடையைத்தான் உணரும், ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பெரெட்டா 92 போன்ற ஹாமர் துப்பாக்கிகளில் அப்படி இல்லை. முதல் முறை ட்ரிக்கர்தான் குதிரையையும் தூக்க வேண்டும், அதனால் இழுப்பு நீளம், கனமும் இரண்டு மடங்கு. அடுத்த குண்டிலிருந்து குதிரை தானாகவே பின்னால் போய் நின்றுகொள்வதால் இழுப்பு சட்டென்று இலகுவாகிவிடும். பயந்துபோன ஒருவனின் கையில் இந்த மாற்றம் தொல்லை. சொல்லிக்கொடுக்கிறவருக்கும் தொல்லை. க்ளாக்கில் பாகங்கள் குறைவு, பாடமும் குறைவு. 1911, 1985 என்று இரண்டு தடவை குதிரை வைத்த பிஸ்டலையே தேர்ந்தெடுத்த அமெரிக்க ராணுவம்கூட 2017இல் ஸ்ட்ரைக்கருக்கு மாறிவிட்டது. கருவி என்ற அளவில் விவாதம் ஏறக்குறைய முடிந்தது. ஸ்ட்ரைக்கர் ஜெயித்துவிட்டது.

ஆனால் எதிரே நிற்கிறவனுக்கு அது என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாது. தூரத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்கும் தெரியாது. தோட்டா நிரம்பிய க்ளாக்கும், காலியான க்ளாக்கும், இன்னும் அரை நொடியில் வெடிக்கப்போகும் க்ளாக்கும் ஒரே கறுப்புச் செவ்வகம்தான். ஸ்ட்ரைக்கர் குடும்பத்துக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு. ராணுவம் எடுத்துக்கொண்ட பிஸ்டலுக்கு மூலமான சிக் பி320இல் ஸ்ட்ரைக்கர் பாதியாக அல்ல, முழுதாக இழுபட்டுக் காத்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று சில சோதனைகள் காட்டியதும் 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனம் விற்ற துப்பாக்கிகளை மாற்றியமைத்துத் தர முன்வந்தது. பாதியா முழுசா என்பது வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது.

சினிமா இந்தக் கறுப்புச் செவ்வகத்தைக் கண்டு முதலில் மிரண்டது, பிறகு பொய் சொன்னது. 1990இல் வந்த 'டை ஹார்ட் 2' படத்தில் ப்ரூஸ் வில்லிஸ் 'க்ளாக் 7' என்று ஒன்றைப் பற்றிப் பேசுவார். பீங்கானால் ஆனதாம், ஜெர்மனியில் செய்ததாம், விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாதாம். அப்படி ஒரு மாடலே கிடையாது. நிஜ க்ளாக் ஆஸ்திரியாவுடையது, அதன் ஸ்லைடும் குழலும் எஃகு. ஆனால் அந்த வசனத்தில் இருக்கும் பயம் நிஜம்: இது கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கி. தெரியாமல் போனது எது என்பதைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்கள்.

ஜேம்ஸ் பாண்டின் கதை இன்னும் நேர்த்தி. வால்தர் பிபிகே இல்லாமல் பாண்டை நினைக்க முடியாது. இத்தனைக்கும், ஆரம்ப நாவல்களில் இருந்த பெரெட்டாவைக் கண்டித்து இயான் ஃப்ளெமிங்குக்குக் கடிதம் எழுதிய ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கிப் பித்தர் பாண்டுக்குச் சிபாரிசு செய்தது குதிரை வெளியே தெரியாத ஒரு ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர். உளவாளிக்கு அதுதான் சரி, உறையிலிருந்து உருவும்போது எதிலும் மாட்டாது. ஃப்ளெமிங் பூத்ராய்டின் பெயரை எடுத்து ஒரு பாத்திரத்துக்கு வைத்தார், பாண்டின் கையில் பிபிகேயை வைத்தார். பின்பக்கம் சின்னதாக ஒரு குதிரை தெரியும் துப்பாக்கி. 1997இல் 'டுமாரோ நெவர் டைஸ்' படத்தில் பாண்ட் வால்தரின் புது பி99க்கு மாறுகிறார். அது ஸ்ட்ரைக்கர். பியர்ஸ் பிராஸ்னனின் மூன்று படங்கள், டேனியல் கிரேக்கின் முதல் படம் என 2006 வரை அதுதான். 2008இல் 'குவாண்டம் ஆஃப் சொலஸ்' வந்தபோது பிபிகே திரும்பிவிட்டது. மரபு, விளம்பரம், பழைய ரசிகர்கள் என்று எத்தனை காரணம் சொன்னாலும், கதாபாத்திரத்துக்கு முகம் தேவைப்படுவது போல அவனுடைய துப்பாக்கிக்கும் ஒரு முகம் தேவைப்பட்டது என்றுதான் நான் படிக்கிறேன். பி99ஐ வடிவமைத்தவர்களும் இதை உணர்ந்திருக்க வேண்டும். ஸ்ட்ரைக்கர் இழுபட்டு நிற்கும்போது அதன் சிவப்பு நுனி ஸ்லைடின் பின்னால் எட்டிப் பார்க்கும். இல்லாத குதிரைக்கு வைத்த ஒரு பொட்டு.

இதெல்லாம் திரையில். திரைக்கு வெளியே இந்த இடைவெளி என்ன ஆனது என்பதை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன.

1982 டிசம்பர் 28. மயாமி நகரின் ஓவர்டவுன் பகுதியில் வீடியோ கேம் கடை ஒன்று. நெவெல் ஜான்சன் என்ற 20 வயதுக் கறுப்பின இளைஞர், ஒரு காவலரின் ரிவால்வரிலிருந்து பாய்ந்த குண்டால் இறந்தார். ஊர் பற்றி எரிந்தது. அவர் திடீரென்று அசைந்தார், தற்காப்புக்காகத் தெரிந்தேதான் சுட்டேன் என்றார் காவலர். குதிரையை முன்கூட்டியே இழுத்து வைத்திருந்தார், அதனால்தான் லேசாகப் பட்டதும் வெடித்தது, இது அலட்சியக் கொலை என்றது அரசுத் தரப்பு. இழுக்காத ரிவால்வரின் ட்ரிக்கருக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ விசை வேண்டும், இழுத்து வைத்ததற்கு இரண்டு கிலோகூட வேண்டாம். ஆக, குதிரை எங்கே நின்றது என்ற கேள்வியைச் சுற்றியே வழக்கு நடந்தது. 1984இல் காவலர் விடுதலை ஆனார். மயாமி காவல் துறை அதன் பிறகு தன் ரிவால்வர்களைக் குதிரையைக் கையால் இழுத்து நிறுத்த முடியாதபடி மாற்றிக்கொண்டது.

2014 நவம்பர் 20. நியூயார்க் நகரின் புரூக்ளினில் விளக்கெரியாத ஒரு மாடிப்படி. அங்கே போன இளம் காவலரின் கையில் 9 மி.மீ. க்ளாக். ஒரே ஒரு வேட்டு. குண்டு சுவரில் பட்டுத் திரும்பி, கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்த அகாய் கர்லி என்ற 28 வயது மனிதரின் மார்பில் பாய்ந்தது. தெரியாமல் வெடித்துவிட்டது என்றார் காவலர். இங்கே குதிரை இல்லை, அதனால் அது எங்கே நின்றது என்று கேட்க முடியாது. கேட்பதற்கு மிஞ்சியது ஒன்றுதான்: அந்த ட்ரிக்கர் எவ்வளவு கனம்? நியூயார்க் காவல் துறைக்கென்றே க்ளாக்கின் ட்ரிக்கரை 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ அளவுக்குக் கனமாக்கித் தருவது அப்போது வழக்கமாக இருந்தது. அதற்குப் பெயரே நியூயார்க் ட்ரிக்கர். காணாமல் போன குதிரையின் எடையை விரலில் ஏற்றி வைத்தார்கள். 2016 பிப்ரவரியில், தீர்ப்பைப் பற்றி ஆலோசித்த ஜூரிகள் அந்தத் துப்பாக்கியை வரவழைத்து ட்ரிக்கரை இழுத்துப் பார்த்தார்கள். தானாக வெடிக்கிற அளவுக்கு அது இலகுவாக இல்லை. குற்றவாளி என்றார்கள். (பிறகு நீதிபதி குற்றத்தின் தரத்தைக் குறைத்தார்.)

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது எனக்கு ரொம்பத் தொந்தரவாக இருந்தது. மயாமியில் வாதம் ஒரு காட்சியைப் பற்றியது. கட்டைவிரல், இழுபட்ட குதிரை, ஒரு நொடி. நம்பலாம், நம்பாமல் இருக்கலாம், ஆனால் மனதில் வரைந்து பார்க்க முடியும். புரூக்ளினில் வரைந்து பார்க்க எதுவுமே இல்லை. ஒரு மனிதனின் மனதில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, முன்பின் தெரியாத சிலர் அவன் விரல் இருந்த இடத்தில் தங்கள் விரலை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. உத்தேசம் கண்ணுக்குத் தெரிவது நின்று, எடை போடப்படும் பொருளாகிவிட்டது.

அதனால்தான் தியேட்டரின் அந்தப் பொய் க்ளிக் எனக்கு வெறும் ஒலிப் பிழையாகப் படவில்லை. கொல்வதற்கு இரண்டு படிகள் உண்டு, முதல் படியில் எச்சரிக்கை கேட்கும், இரண்டாவதற்கு முன் மனம் மாறலாம் என்று அது நம்மைத் தட்டிக்கொடுக்கிறது. இன்றைய காவலர்களில், ராணுவ வீரர்களில் மிகப் பலர் இடுப்பில் வைத்திருக்கும் துப்பாக்கியில் அந்த முதல் படி கிடையாது. க்ளிக் கேட்டுப் பழகியவர்கள் க்ளிக் கேட்காத வரை ஆபத்தில்லை என்றும் பழகிவிடுகிறோம்.

துப்பாக்கியோடு தினமும் புழங்குபவர்களுக்கு இந்த இழப்பு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஹாமர் பிஸ்டலை உறையில் செருகும்போது கட்டைவிரலைக் குதிரையின் மேல் வைத்துக்கொள்வது ஒரு பழக்கம். சட்டை நுனி ட்ரிக்கரில் மாட்டி அது நகரத் தொடங்கினால் குதிரை பின்னால் எழும்பும், விரல் உடனே உணர்ந்துவிடும். க்ளாக்கில் விரல் வைக்க இடமில்லை. இதற்காகவே சிலர் ஸ்லைடின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, கீல் வைத்த ஒரு சின்னத் தகட்டைப் பொருத்திக்கொள்கிறார்கள். ட்ரிக்கர் நகர்ந்தால் தகடு அசைந்து கட்டைவிரலைத் தொடும், அழுத்திப் பிடித்துக்கொண்டால் ட்ரிக்கர் மேற்கொண்டு நகராது. குதிரையை எடுத்துவிட்டுச் செய்த துப்பாக்கியில், பணம் கொடுத்துக் குதிரையின் நிழலை மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் இயக்குநர்களும் எழுத்தாளர்களும் இவ்வளவு நேர்மையாகவாவது இருக்கலாமே என்பதுதான் என் குறை. க்ளாக்கைக் கையில் கொடுத்தால் அந்த மௌனத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதில் பார்ப்பதற்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. சுட முடிவெடுக்கும் வரை விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே, சட்டகத்தின் மேல் நீட்டியபடி இருக்க வேண்டும் என்பது பயிற்சியின் பாலபாடம். அந்த விரல் எப்போது உள்ளே போகிறது? சத்தமே இல்லாத, ஓர் அங்குலம்கூட இல்லாத அசைவு. ஒரு நல்ல ஒளிப்பதிவாளருக்கு அது போதும். வில்லன் பேசிக்கொண்டே இருக்கட்டும், இசையும் ஓடட்டும். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் விரலைக் கவனிக்கவே மாட்டார்கள். கவனித்த பாதிக்கு மூச்சு நின்றுவிடும்.

நண்பனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா தியேட்டர்ல விசில் எந்த இடத்துல வரும்?" என்றான்.